ஐசில் வைத்தால் உயிர் நிற்குமா?

17 ஜூன் 2024

மட்டக்களப்பு கல்லடியில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நோர்வேயில் ஒரு பெண் ஐசுக்கு அடியில் 80 நிமிடம் கிடந்தும் பிழைத்தாராம். இங்கே வாவியில் கால் மணித்தியாலம் கிடந்த பொடியனைத் தூக்கினால் பிணம்தான். குளிர்தான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது என்றால், எங்கள் ஆட்களையும் தூக்கிய கையோடு ஐசில் போட்டால் என்ன? நீங்கள் ஐஸ் பெக்டரியில் இருந்த ஆள். சொல்லுங்கள் பார்ப்போம்."

17 ஜூன், இரவு

22 வருடம் ஐஸ் பெக்டரியில் இருந்தேன், வாழைச்சேனைப் பக்கம். உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் தகர அச்சுகளை இறக்கி ஐஸ்கட்டி எடுக்கிற பழைய முறை. மருத்துவம் படித்தவன் அல்ல. குளிர் என்ன செய்யும், என்ன செய்யாது என்று கையால் தெரிந்தவன். மிச்சமெல்லாம் வாசித்தது. ஏன் வாசிக்கத் தொடங்கினேன் என்பது வேறு கதை.

அந்தப் பெண் அன்னா போகென்ஹோல்ம். சுவீடன்காரர், அவரே ஒரு டொக்டர். 1999 மே மாதம் நோர்வேயின் நார்விக் பக்கம் பனிச்சறுக்கில் விழுந்து, ஓடையின் ஐசுக்கு அடியில் மாட்டிக்கொண்டார். ஆனால் ஐசுக்கும் தண்ணீருக்கும் இடையில் கொஞ்சம் காற்று இருந்தது. ஏறக்குறைய 40 நிமிடம் அந்தக் காற்றில் மூச்சு விட்டுக்கொண்டே உடம்பு குளிர்ந்தது. அதற்குப் பிறகுதான் இதயம் நின்றது. ட்ரோம்சோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உடம்புச் சூடு 13.7 பாகை. அதில் இருந்து மெதுவாகச் சூடேற்றி எழுப்பினார்கள்.

எது முந்தியது என்று பாருங்கள். அவருக்கு முதலில் குளிர், பிறகு மூச்சு நின்றது. எங்கள் வாவியில் முதலில் மூச்சு நிற்கும், குளிர் வரவே வராது. இந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் வாவித் தண்ணீரில் கையை வைத்தால் வெதுவெதுப்பு. மூளை முழுச் சூட்டில், முழுப் பசியில் இருக்கும்போதே காற்று நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஐசில் போடுவது, வலையில் இரவு முழுக்கச் செத்துக் கிடந்த மீனை விடிய ஐஸ் பெட்டிக்குள் போடுவது மாதிரி. ஐஸ் அழுகலைத் தாமதப்படுத்தும். நடந்ததைத் திருப்பாது.

18 ஜூன்

முக்கியமானதை எழுதாமல் விட்டுவிட்டேன். தண்ணீரில் இருந்து தூக்கிய ஆளுக்கு வேண்டியது மூச்சு. வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தி, ஆள் விட்டு ஆள் மாறிச் செய்ய வேணும். ஒருவர் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேணும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலை. நான் சின்ன வயதில் பார்த்த மூன்று பேரையும் சுற்றித்தான் பார்த்தார்கள். மூன்று பேரும் போய்விட்டார்கள்.

18 ஜூன், பின்னேரம்

சும்மா சொல்லக் கூடாது என்று பெக்டரித் தெர்மோமீட்டரைக் கொண்டுபோய்க் கல்லடிப் பாலத்தடியில் கயிறு கட்டி விட்டுப் பார்த்தேன். 30 பாகை. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் "இதில் என்ன மீன் படும் ஐயா?" என்று கேட்டார்.

21 ஜூன்

ஆஸ்பத்திரியில் எதற்காக ஆட்களைக் குளிராக்குகிறார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். உடம்பு ஒரு அடுப்பு. குளிர்ந்தால் அடுப்பு தணியும், விறகும் காற்றும் குறைவாகப் போதும். 37இல் இருந்து 33க்கு இறக்கினால் மூளையின் தேவை பாதியாகிவிடும்.

கனடாவின் டொரன்டோவில் பிகலோ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1950 அளவில் நாய்களைக் குளிராக்கி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டுக் காட்டினார். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் மர்மொட் என்ற அணில் இனத்தையும் வளர்த்துப் பார்த்தார், அதன் இரகசியம் என்ன என்று. 1952 செப்டெம்பர் 2 அன்று அமெரிக்காவின் மினியாபொலிசில் ஜோன் லூயிஸ் என்பவர் 5 வயதுச் சிறுமி ஒருத்தியை 28 பாகைக்கு இறக்கி, இதயத்துக்குப் போகும் இரத்தத்தை ஐந்தரை நிமிடம் மறித்து, இதயத்தில் இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார். பிள்ளை பிழைத்தது. சாதாரணச் சூட்டில் அவ்வளவு நேரம் மறித்தால் மூளைக்கு ஆபத்து. குளிர் விலைக்கு வாங்கிக் கொடுத்தது அந்த ஒன்றிரண்டு நிமிடம்தான். அந்த ஒன்றிரண்டு நிமிடம் ஒரு உயிர்.

22 ஜூன்

திருத்தம். "பாதி" என்று எழுதியது பிழை. ஒரு பாகைக்கு 6, 7 சதவீதம்தான் குறையும். நாலு பாகைக்குக் கால்வாசி. கணக்கில் நான் எப்போதும் இப்படித்தான், முதலாளியைக் கேட்டால் சொல்வார்.

24 ஜூன்

அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர், ஐசே இல்லாமல் ஆளைத் தூங்கவைக்கும் வாயு இருக்காமே என்கிறார். எலிக்கு இருக்கிறது. 2005இல் சியாட்டிலில் மார்க் ரொத் என்பவரும் கூட்டாளிகளும், பத்து இலட்சத்தில் 80 பங்கு ஐதரசன் சல்பைட் கலந்த காற்றில் எலிகளை விட்டார்கள். எலியின் உள்ளே எரியும் அடுப்பு பத்தில் ஒன்றாகத் தணிந்தது, உடம்பு 15 பாகை வரை இறங்கியது. ஆறு மணித்தியாலம் கழித்து நல்ல காற்றில் விட, எழும்பி ஓடியது.

ஐதரசன் சல்பைட் என்னவென்று தெரியுமா? வாவிச் சேற்றைத் துடுப்பால் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம்தான். அது ஆயுளைக் காக்கும் என்றால் வாவிக் கரையில் வீடு உள்ள நாங்கள் எல்லாரும் நூறு தாண்ட வேணும்.

ஆட்டிலும் பன்றியிலும் செய்து பார்த்தார்கள், எலியில் கண்டது கிடைக்கவில்லை. எலி சின்ன உடம்பு, சூட்டைச் சட்டென்று விடும், பசி வந்தாலே தானாகக் குளிர்ந்து சுருண்டு படுக்கும் சாதி. எங்கள் உடம்பு அப்படி இல்லை. தயவுசெய்து யாரும் முயற்சிக்க வேண்டாம். மூடிக் கிடந்த குழிக்குள் இறங்கியவர்கள் ஏறி வராமல் போவதற்கு இந்த வாயுவும் ஒரு காரணம்.

29 ஜூன்

பெக்டரியில் ஒருவனுக்கு விரல் போன கதையை எழுதச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். சுனாமிக்கு அடுத்த வருடம், ஐஸ் நொறுக்கும் கிறஷர் மெஷினுக்குள் கட்டி சிக்கிவிட்டது என்று ஒரு பொடியன் கையை விட்டான். இரண்டு விரல். எங்களைச் சுற்றி மலை மாதிரி ஐஸ் இருக்கிறதே, விரலை ஐசுக்குள் புதைத்துக் கொண்டு ஓடினோம். அதைப் பெரிய புத்தி என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் டொக்டர், நாங்கள் கொண்டுபோன றிஜிபோம் (தெர்மகோல்) பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஐசில் வெந்துவிட்டது" என்றார். கல்லு மாதிரி வெள்ளை.

உறைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாகிச் சதையைக் கிழித்துவிடும். உறைந்த மீனை இளக்கினால் தண்ணீர் ஒழுகி, சதை சவசவ என்று வருவது இதனால்தான். இதைத் தினமும் பார்க்கிற எனக்கு அன்று புத்தியில் படவில்லை. விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்ற வேணும். பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ்தண்ணீரில் வைக்க வேணும். ஐஸ் விரலில் படக் கூடாது. ஒருவரிடம் எடுத்து இன்னொருவருக்கு வைக்கும் சிறுநீரகத்தையும் 4 பாகை அளவில்தான் கொண்டுபோகிறார்கள், உறையவிடுவதில்லை.

அந்தப் பொடியன் இப்போது மூன்று பிள்ளைக்குத் தகப்பன். எட்டு விரலோடு என்னை விட வேகமாக வலை பொத்துகிறான். என்னைக் கண்டால் "அண்ணன், ஐஸ் இருக்கா?" என்று கேட்பான்.

3 ஜூலை

காத்தான்குடிச் சகோதரர் ஒருவர்: "அப்படியென்றால் இதயம் நின்று திரும்ப ஓடியவரையும் குளிராக்குவது வீணா? வெளிநாட்டு ஐசியூவில் செய்கிறார்களே."

செய்தார்கள். 2002இல் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் செய்த இரண்டு ஆய்வுகள் ஒரே நேரத்தில் வந்தன. இதயம் திரும்ப ஓடியும் நினைவு வராதவர்களை 33 பாகை அளவில் வைத்தார்கள். ஐரோப்பிய ஆய்வில் குளிராக்கியவர்களில் 55 சதவீதம் பேர் நல்ல நிலையில் எழும்பினார்கள், மற்றவர்களில் 39. உலகம் முழுக்க ஐஸ் பையும் குளிர்ப் போர்வையும் வாங்கினார்கள். பிறகு 2013இல் 33ஐயும் 36ஐயும் ஒப்பிட்டார்கள், வித்தியாசம் இல்லை. 2021இல் 1,800க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்து, ஒரு பாதியை 33இல் வைத்தார்கள், மறு பாதிக்குக் காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் குளிராக்கியதில் 50 சதவீதம், மற்றதில் 48. குளிராக்கியவர்களுக்கு இதயத்துடிப்புக் கோளாறு அதிகம். அதோடு அந்தப் போர்வைகளுக்கு மவுசு குறைந்தது. இப்போது காய்ச்சலைத் தடுப்பதில்தான் கவனம்.

முதல் ஆய்வு பொய்யா என்று கேட்காதீர்கள். அப்போது குளிராக்காத பக்கத்து ஆட்கள் பலருக்குக் காய்ச்சல் அடித்தது. காய்ச்சலோடு ஒப்பிட்டால் எதுவும் நல்லதாகத்தான் தெரியும். இது என் யோசனை மட்டுமல்ல, அந்தத் துறையில் உள்ளவர்களும் இப்படிச் சொல்கிறார்கள்.

4 ஜூலை

குளிருக்கும் விலை இருக்கிறது, அதை நேற்று எழுதவில்லை. உடம்பு நடுங்கும், நடுங்கினால் அடுப்பு திரும்ப எரியும், அதை அடக்க மயக்க மருந்து வேணும். இரத்தம் உறைவது குறையும். ஆகவே ரோட்டில் அடிபட்டு இரத்தம் போகிறவரைக் குளிரவிடவே கூடாது. மழையில் கல்முனை ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடக்கும் ஆளுக்கு முதலில் இரத்தம் வரும் இடத்தை அமுக்கிப் பிடியுங்கள். பிறகு ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாரத்தால் போர்த்துங்கள்.

ஆனால் அமெரிக்காவின் பால்டிமோரில் டிஷர்மன் என்பவரின் குழு நேர் எதிராகப் போகிறது. குத்துப்பட்டு, துப்பாக்கிச் சூடுபட்டு, இரத்தம் போய், இதயமும் நின்றுவிட்ட ஆளுக்கு ஐஸ்குளிர் உப்புநீரை இரத்தக் குழாயில் ஏற்றி 10, 15 பாகைக்கு இறக்கி, அந்த இடைவெளிக்குள் காயத்தைத் தைப்பது. எல்லாம் முடிந்துவிட்ட ஆளுக்கு மட்டும் செய்து பார்க்கிற வேலை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்று எனக்கு ஒரு கிழமை விளங்கவில்லை. அரைகுறைக் குளிர் இரத்தத்தைக் கெடுக்கும், முழுக் குளிரில் ஓடுவதற்கு இரத்தமே இல்லை. அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

15 ஜூலை

முதல் நாள் எழுதியதையே மாற்ற வேணும். மூச்சு நின்ற பிறகு குளிராக்கிப் பலன் இல்லை என்று மீன் கதை சொன்னேன். பிறந்த பிள்ளைகள் விடயத்தில் அது அவ்வளவு சரியில்லை.

பிறக்கும்போது காற்றுக் கிடைக்காமல், அழாமல் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. மூச்சு வந்த பிறகு மூளை கொஞ்சம் தேறும். பிறகு ஆறு, பதினைந்து மணித்தியாலத்துக்குள் இரண்டாம் தரம் விழும். அந்த மூளை இரண்டு தவணையில் சாகிறது. இரண்டு தவணைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஆறு மணித்தியாலத்துக்குள் பிள்ளையை 33.5 பாகைக்கு இறக்கி, 72 மணித்தியாலம் வைத்து, மெதுவாகச் சூடேற்றினால் இரண்டாவது தவணையைக் குறைக்கலாம். 2005இல் இருந்து வந்த ஆய்வுகளில் இது நன்றாகவே நின்றது. 2013இல் பதினொரு ஆய்வுகளை, 1,505 பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏழு பிள்ளைகளைக் குளிராக்கினால் ஒரு பிள்ளை சாவில் இருந்தோ பெரிய ஊனத்தில் இருந்தோ தப்புகிறது. பெரியவர்களில் கைவிட்டது இங்கே கைகொடுத்தது.

15 ஜூலை, இரவு

இதையெல்லாம் ஏன் வாசிக்கத் தொடங்கினேன் என்பது வேறு கதை என்று சொன்னேனே. 2012இல் என் தங்கச்சிக்கு முதல் பிள்ளை. அழவில்லை. மூச்சு வந்தது, பிறகு வலிப்பு வந்தது. சுவிசில் இருக்கும் மச்சாள் போன் எடுத்து, "இங்கே என்றால் உடனே குளிர்ப் பாயில் போடுவார்கள், அங்கே ஏன் போடவில்லை என்று கேளுங்கள்" என்றாள். நான் வார்டுக்குப் போய்க் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்கு எழுதுவது. கத்தினேன். "நான் ஐஸ் பெக்டரிக்காரன், எத்தனை கட்டி வேணும்? லொறியில் கொண்டுவந்து இறக்கிறேன்" என்றேன்.

அந்த டொக்டருக்கு என் மகன் வயது இருக்கும். "அண்ணன், ஐஸ் இல்லாததால இல்ல. குளிராக்கிறது லேசு. குளிர்ல வச்சுப் பாக்கிறதுதான் கஷ்டம்" என்றார். நான் அதைச் சாட்டு என்று எடுத்தேன். பிள்ளை மூன்றாம் நாள் போனது. ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம். பத்து வருடம் நான் போன இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித் திரிந்தேன். கலியாண வீட்டில், செத்த வீட்டில், பெக்டரியில். மெஷின் இருந்திருந்தால் பிள்ளை இருந்திருக்கும் என்று.

16 ஜூலை

அனுதாபம் எழுதியவர்களுக்கு நன்றி. கதை முடியவில்லை, பொறுங்கள். இந்தியாவில் செய்த ஒரு ஆய்வு இருக்கிறது, அதை ஆறுதலாக எழுத வேணும்.

5 ஆகஸ்ட்

நேற்று ஆடி அமாவாசை, மாமாங்கம் கோயில் தீர்த்தத்துக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. என் முன்னால் ஒரு ஐயா சுருண்டு விழுந்தார், உடம்பு தோசைக்கல் மாதிரி, பேச்சுக் குழறல். ஆட்கள் வாயில் சோடா ஊற்றப் போனார்கள். நான் கத்தி நிறுத்தி, நிழலுக்கு இழுத்து, சர்பத் விற்றவரின் ஐஸ்தண்ணீர் வாளியைத் தலையில் இருந்து ஊற்றி விசிறினோம். அம்புலன்ஸ் வருவதற்குள் பேர் சொன்னார். சர்பத்காரர் காசு வாங்கவில்லை.

வெயில் அடித்து உடம்பு கொதித்தவருக்கு ஐஸ்தான் மருந்து, அதுவும் முதல் அரை மணித்தியாலத்துக்குள். கூடினதை இறக்குவது வேறு. சரியாக இருப்பதைக் குறைப்பது வேறு. இந்தக் கேள்வி பதில் இழையில் பாதிச் சண்டை இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால் வருகிறது. என்னுடையதும் சேர்த்து.

9 ஆகஸ்ட்

சரி, அந்த ஆய்வு. ஹெலிக்ஸ் என்று பெயர். 2015க்கும் 2019க்கும் இடையில் ஏழு பெரிய ஆஸ்பத்திரிகளில், மெஷின் எல்லாம் வைத்து, 408 பிள்ளைகளை எடுத்தார்கள். ஒரு பாதியை 33.5இல் 72 மணித்தியாலம் வைத்தார்கள், மறு பாதிக்கு வழமையான பராமரிப்பு. முடிவு 2021இல் வந்தது. இறந்த, அல்லது ஊனமான பிள்ளைகள்: குளிராக்கியதில் 50 சதவீதம், மற்றதில் 47. இறந்தவர்களை மட்டும் எடுத்தால் குளிராக்கியதில் 42, மற்றதில் 31.

திரும்ப வாசியுங்கள். நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். குளிராக்கிய பக்கம்தான் அதிகம் செத்தது.

10 ஆகஸ்ட்

சுவிசில் தாதியாக இருக்கும் ஒரு வாசகி திருத்துகிறார்: இந்தியாவில் மட்டுமல்ல, இலங்கையும் பங்களாதேசும் சேர்ந்துதான். சரி, என் பிழை. அதாவது எங்கள் நாட்டுப் பிள்ளைகளும் அந்த 408க்குள் இருக்கிறார்கள். மேற்கு நாடுகளில் இன்றைக்கும் குளிராக்குவதுதான் முறை என்றும், அங்கே நல்ல பலன் என்றும் சொல்கிறார். அதுவும் உண்மை.

ஒரே குளிர், ஒரே 33.5. அங்கே காக்கிறது, இங்கே காக்கவில்லை. ஏன்? ஆய்வு செய்தவர்கள் நினைப்பது, இங்குள்ள பிள்ளைகள் பலருக்கு அடி பிறக்கும் நேரத்தில் சட்டென்று விழுந்ததல்ல, வயிற்றுக்குள்ளேயே நெடுநேரம் விட்டு விட்டு விழுந்திருக்கலாம் என்று. குளிராக்கத் தொடங்கும்போது இரண்டு தவணையும் கட்டி முடிந்திருக்கும்.

மீன் கதை சுற்றி வந்து என் வாசலிலேயே நிற்கிறது. பெக்டரியில் எங்களுக்கு நன்றாகத் தெரியும், தூண்டிலில் ஏறிய உடனே ஐசுக்குள் போன சூரையும், வலையில் விடிய விடியக் கிடந்த சூரையும் ஒரே பெட்டியில், ஒரே ஐசில் வரும். செவுளைத் திறந்தால் தெரியும். ஐசைக் குறை சொல்லும் ஆட்களிடம் நானே சண்டை பிடித்திருக்கிறேன்: "ஐஸ் நல்ல ஐஸ், மீன் வந்த நேரத்தைப் பார்" என்று.

வார்டில் அந்த டொக்டரிடம் நான் கத்தியபோது இது எனக்குத் தோன்றவில்லை.

11 ஆகஸ்ட்

"அப்படியென்றால் அந்த டொக்டர் செய்தது சரி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவ்வளவு லேசாகச் சொல்லமாட்டேன். 2012இல் இந்த முடிவு யாருக்கும் தெரியாது. அன்று இருந்த அறிவுப்படி நான் கேட்டது நியாயமான கேள்வி. கத்தியதுதான் நியாயம் இல்லை. எங்கள் பிள்ளை எந்த வகை என்றும் யாராலும் இனிச் சொல்ல முடியாது.

இன்னொன்று. இதை வாசித்துவிட்டு வீட்டில் பிறந்த பிள்ளையை ஈரத்துணியில் சுற்றுவது, ஃபேனுக்குக் கீழே போடுவது எதையும் செய்யாதீர்கள். பிறந்த பிள்ளைக்குத் தாயின் நெஞ்சுச் சூடுதான் இடம்.

1 டிசம்பர்

மழை. வாவி ரோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இந்த இழையை மறந்தே போனேன், கல்லடி வாசகர் "தங்கச்சியிடம் சொன்னீர்களா?" என்று கேட்டிருக்கிறார்.

சொன்னேன், போன கிழமை. வெள்ளத்துக்கு எங்கள் வீட்டில் வந்து நின்றாள், பின்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளோடும். கறண்ட் இல்லை, குப்பி விளக்கு. 408, 42, 31 எல்லாம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அந்த மெஷின்ல போட்டா மூண்டு நாளும் தூக்க விடுவாங்களா அண்ணன்?" என்றாள்.

பெரும்பாலும் விடமாட்டார்கள் என்றேன்.

"ரெண்டாம் நாள் நர்ஸ் மிஸ் ஒருக்கா கையில தந்தவ. சூடா இருந்திச்சு புள்ள" என்றாள். பிறகு கத்தியைக் கழுவிவிட்டு, ஐஸ் பெட்டியில் இடம் இருக்கா என்று கேட்டாள், மிச்ச மீனை வைக்க.